ஆண்டு விழாவுக்கு நகைச்சுவை நாடகம் எழுதுவது எப்படி: கார்ல் ரைனர் காட்டும் வழி

குமரி மாவட்டத்தில் வாசகசாலை ஆண்டு விழாவானாலும், கிறிஸ்து பிறப்பு நிகழ்ச்சியானாலும், அம்மன் கோயில் கொடையை ஒட்டிய கலைநிகழ்ச்சியானாலும், அச்சிட்ட நோட்டீசில் ‘நகைச்சுவை நாடகம்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்குரிய நாடகத்தை எழுதித் தரும் பொறுப்பு, ஊரில் கொஞ்சம் தமிழ் எழுதுவார் என்று யார் பெயர் வாங்கியிருக்கிறாரோ அவர் தலையில்தான் விழும். திருமண அழைப்பிதழ் அடிக்கும் அச்சகம் ஒன்றில் பல ஆண்டுகள் பிழை திருத்தியவன் என்பதால், தக்கலைப் பக்கத்தில் அந்தப் பெயர் எனக்கு வாய்த்தது. தொடக்கத்தில் திரைப்பட நகைச்சுவைக் காட்சிகளை ஊர்ப் பெயர் மாற்றி எழுதிக் கொடுத்துச் சமாளித்தேன். கூட்டம் சிரிக்கத்தான் செய்தது. ஆனால் நடிகர் வாய் திறப்பதற்கு முன்பே முன்வரிசைப் பிள்ளைகள் அடுத்த வசனத்தைச் சொல்லிவிட்டார்கள். அந்த வெட்கத்துக்குப் பிறகுதான் எழுத்து முறையைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன்.

யோசிக்க உதவியவர் கார்ல் ரைனர் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி எழுத்தாளர். அவர் எழுதிய ‘த டிக் வான் டைக் ஷோ’ என்ற அரைமணி நேர நகைச்சுவைத் தொடரில் விளம்பரம் நீங்கலாகக் கதைக்குக் கிடைத்தது ஏறத்தாழ 25 நிமிடம். நம் விழாக்குழுவினர் கானமேளா என்ற திரைப்பாட்டுக் கச்சேரிக்கு முன்னால் மனமிரங்கி ஒதுக்கும் நேரமும் அவ்வளவுதான். அவருடைய வாழ்க்கையைக் கற்றுக்கொண்டு, அதிலிருந்து ஒரு நாடகத்தை எழுதி முடிப்பது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன். அவர் ஊரைப் பார்த்து நாம் எழுத வேண்டியதில்லை. அவர் தம் ஊரை எப்படிப் பார்த்தார் என்பதுதான் நமக்கு வேண்டியது.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

கார்ல் ரைனர் 1922ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தார். குடியேறிய யூதக் குடும்பம். தந்தை கடிகாரம் பழுதுபார்ப்பவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கார்ல், தையல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் இடத்தில் எடுபிடியாகச் சேர்ந்தார். பொருளாதார நெருக்கடிக் காலத்தில் அமெரிக்க அரசு வேலைவாய்ப்புக்காகத் தொடங்கிய திட்டத்தின் கீழ் நடிப்பு வகுப்புகள் இலவசமாக நடந்தன. அந்த அறிவிப்பைச் செய்தித்தாளில் பார்த்துத் தம்பியிடம் சொன்னவர் அண்ணன் சார்லி. அந்தச் செய்தி மட்டும் கண்ணில் படாமல் போயிருந்தால் தம்பி கடைசிவரை தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பார். இரண்டாம் உலகப் போரில் படையில் சேர்ந்தவர், வீரர்களை மகிழ்விக்கும் கலைப் பிரிவுக்கு மாற்றப்பட்டு, பசிபிக் பகுதியின் முகாம்களில் நடித்துத் திரிந்தார்.

1950ஆம் ஆண்டு ‘யுவர் ஷோ ஆஃப் ஷோஸ்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நடிகராகச் சேர்ந்தார். சனிக்கிழமைதோறும் இரவு 90 நிமிடம், நேரடி ஒளிபரப்பு. வசனத்தைக் கோட்டைவிட்டால் நாடு முழுவதும் பார்த்துவிடும். நாயகன் சிட் சீசர். அவருக்குத் துணையாக நின்று கேள்வி கேட்கும் வேடங்கள் ரைனருக்கு. ஆனால் அவருடைய மனம் எழுத்தாளர்கள் கூடியிருந்த அறையில் இருந்தது. மெல் டோல்கின், லூசில் கேலன், மெல் புரூக்ஸ், நீல் சைமன் ஆகியோர் ஒருவர்மேல் ஒருவர் கத்திக்கொண்டு நகைச்சுவை எழுதிய அந்த அறையில், எழுத்தாளர் என்ற பெயரோ அதற்கான கூலியோ இல்லாமலே போய் உட்கார்ந்து வேலை கற்றார். கூலியில்லாமல் கற்ற வேலையே பின்னாளில் அவருக்குச் சோறு போட்டது.

அந்த நிகழ்ச்சியும், அதையடுத்து வந்த ‘சீசர்ஸ் அவர்’ நிகழ்ச்சியும் 1957ஆம் ஆண்டோடு முடிந்தன. வேலை தேடிய ரைனருக்குக் குடும்ப நகைச்சுவைத் தொடர்களில் நடிக்கச் சொல்லிப் பிரதிகள் வந்தன. ஒன்றும் தேறவில்லை. படித்துப் பார்த்த மனைவி எஸ்டெல், இதைவிட நீங்களே நன்றாக எழுதுவீர்களே என்றார். அவ்வளவுதான் தொடக்கம்.

தன் காலடி மண்ணைக் கண்டுபிடிப்பது

காரில் போய்க்கொண்டிருந்தபோது, வேறு எவரும் நிற்காத, நான் மட்டுமே நிற்கின்ற மண் எது என்று ரைனர் தம்மைத்தாமே கேட்டுக்கொண்டார். இதைப் பிற்காலத்தில் பல பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். விடை எளிமையாக இருந்தது: நியூ ரோஷல் என்ற புறநகரில் மனைவி மக்களோடு வாழ்ந்து, தினமும் நியூயார்க்குக்குப் போய், கோபக்கார நாயகன் ஒருவனின் நிகழ்ச்சிக்கு வேலை பார்த்துவிட்டுத் திரும்பும் மனிதன். அந்த மனிதனையே கதையாக்கினார். பெயரை ராப் பெட்ரி என்று மாற்றினார், ஊரை மாற்றவில்லை. தாம் குடியிருந்த பானி மெடோ சாலையின் பெயரைக்கூட அப்படியே நாயகனின் முகவரியாக வைத்தார்.

நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலையும் அதுவே. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நீங்கள் நாள்தோறும் காண்பவற்றில் அடுத்த வீட்டுக்காரர் காண முடியாதவற்றை மட்டும் எழுதுங்கள். குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர், விடியுமுன் நெற்றி விளக்கோடு தோட்டத்தில் நடக்கும்போது மனத்துக்குள் யாருடன் சண்டை போடுகிறார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். தோவாளையில் பூ தொடுக்கும் அம்மாவுக்கு, யார் வீட்டுக் கல்யாண மாலைக்கு யார் பேரம் பேசினார்கள் என்பது தெரியும். குளச்சலில் ஏலம் கூறுகிறவருக்கு எந்த வியாபாரி மூக்கைச் சொறிந்தால் விலையை ஏற்றுகிறார் என்பது தெரியும். இவை எதுவும் நகைச்சுவை அல்ல. ஆனால் நகைச்சுவை முளைக்கும் மண் இவைதான்.

என் நோட்டில் அச்சகம் வந்தது. வெளியில் இருப்பவர்களுக்குத் திருமண அழைப்பிதழ் ஒரு தாள். உள்ளே இருப்பவனுக்கு அது இரண்டு குடும்பங்களுக்கிடையே நடக்கும் எல்லைப் போர். பெரியப்பா பெயர் மேலேயா, தாய்மாமன் பெயர் மேலேயா. ஓய்வுபெற்றவருக்குப் பதவியைப் போடுவதா வேண்டாமா. வெளிநாட்டில் இருக்கும் மருமகனின் வேலையை எந்த எழுத்தில் அடிப்பது. பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பாவின் பெயரை விட்டுவிட்டால் என்ன ஆகும், போட்டுவிட்டால் என்ன ஆகும். இதற்காகவே வாட்ஸ்அப்பில் ப்ரூஃப் ஏழு முறை போய்வரும். இத்தனையும் என் காலடியில் கிடக்க, நான் சென்னைப் படத்திலிருந்து வசனம் கடன் வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாடகத்துக்கு இரண்டு இடம் போதும்

ரைனரின் தொடருக்கு முன்பு வந்த குடும்பத் தொடர்கள் பலவற்றில் அப்பா கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்குள் வருவார். அவர் எங்கிருந்து வருகிறார், என்ன வேலை செய்கிறார் என்பதே கதைக்கு வேண்டாததாக இருந்தது. ராப் பெட்ரி வேலை பார்த்த அறையை ரைனர் வீட்டுக்குச் சமமாகக் காட்டினார். வேலையிடத்தில் பட்டி, சாலி என்று இரண்டு சக எழுத்தாளர்கள். வீட்டில் மனைவி லாரா, மகன் ரிச்சி, அடுத்த வீட்டுத் தம்பதியர். வேலையிடத்தில் தொடங்கிய பொய் வீட்டில் வெடிக்கும்; வீட்டில் தொடங்கிய பிணக்கு வேலையிடத்தில் வெடிக்கும்.

இந்த அமைப்பு நம் மேடைக்கு மிகவும் பொருந்தும். இடப்பக்கம் ஒரு மேசையும் கணினியும் வைத்தால் அச்சகம். வலப்பக்கம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு செம்பும் வைத்தால் வீடு. திரை மாற்ற வேண்டாம், விளக்கு அணைக்க வேண்டாம். விளக்கை அணைத்தால் நம் ஊரில் விசில் பறக்கும் என்பதும், மீண்டும் கூட்டத்தை அடக்க மூன்று நிமிடம் வீணாகும் என்பதும் பட்டவர்களுக்குத் தெரியும். மூன்றாவது இடத்தைத் தேடாதீர்கள்.

முகம் காட்டாத ஒருவரையும் கதையில் வையுங்கள். ராப் பெட்ரியின் முதலாளி ஆலன் பிரேடியாக நடித்தவர் ரைனரே. தொடக்க ஆண்டுகளில் அந்தப் பாத்திரத்தின் முதுகும் குரலுமே தெரியும், முகம் தெரியாது. வராதவரைப் பற்றிய பயம், வந்தவரைப் பற்றிய பயத்தைவிடப் பெரியது. என் நாடகத்தில் அச்சக முதலாளி குவைத்தில் இருக்கிறார். தொலைபேசி மணி அடித்தாலே மேசையில் இருப்பவர் எழுந்து நின்றுவிடுகிறார். இதற்கு நடிகரும் வேண்டாம், ஒப்பனையும் வேண்டாம்.

கேள்வி கேட்பவரை முதலில் எழுதுங்கள்

சிரிப்பு நாடகம் எழுதும் பெரும்பாலோர் சிரிக்க வைப்பவரை எழுதிவிட்டு, எதிரே நிற்பவரை மரம்போல விட்டுவிடுகிறார்கள். ரைனரின் வாழ்க்கையில் நான் கற்ற பெரிய பாடம் இதற்கு நேர்மாறானது. 1950களின் தொடக்கத்தில் ஒருநாள் எழுத்தாளர் அறையில், இதோ 2000 ஆண்டுகளுக்கு முன் நடந்தவற்றை நேரில் கண்ட மனிதர் என்று சொல்லி, மெல் புரூக்ஸைத் திடீரெனப் பேட்டி எடுக்கத் தொடங்கினார். புரூக்ஸ் முன்னேற்பாடு ஏதுமின்றி விடை சொல்லத் தொடங்கினார். பல ஆண்டுகள் நண்பர்களின் விருந்துகளில் மட்டும் செய்துகாட்டிய இதை 1960ஆம் ஆண்டு இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தார்கள். அதைக் கேட்கும் எல்லோரும் புரூக்ஸைப் பாராட்டுவார்கள். இரண்டாம் முறை ரைனரை மட்டும் கவனித்துக் கேளுங்கள். அவர் ஓரிடத்திலும் வேடிக்கை செய்யவில்லை. செய்தியாளருக்குரிய மரியாதையோடும் அக்கறையோடும் கேள்வி கேட்டு, விடை சொல்பவரை மூலையில் மாட்டுகிறார். மாட்டிக்கொண்டவர் தப்பிக்கத் துடிப்பதுதான் சிரிப்பு.

வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதா என்ன? தலைமைப் பாடகர் வில்லின் முன்னே அமர்ந்து ஒரு வரியைச் சொல்லி நிறுத்த, பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ என்று வாங்கிக்கொள்வார். சில இடத்தில் ‘அதெப்படி அண்ணாச்சி?’ என்று ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்பார். அந்த ஒரு கேள்வியில் கதை திரும்பும். ‘ஆமா’ போடுபவர் தவறான இடத்தில் போட்டால் எவ்வளவு பெரிய புலவராக இருந்தாலும் பாட்டு நொண்டும். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908ஆம் ஆண்டு பிறந்து, நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவனாகத் தொடங்கிய கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லிசையிலும் தேர்ந்தவர் என்பதை நினைத்தால், திரையில் அவர் எதிராளிக்குப் பேச இடம் விட்ட விதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிவதுபோலத் தோன்றும். இது என் ஊகம்தான்; ஆனால் ஊர்ப்பற்றால் மட்டும் சொல்லவில்லை.

ஆகவே எழுதத் தொடங்கும்போது முதலில் ‘ஆமா’ போடுபவர் யார் என்று முடிவு செய்யுங்கள். அவருக்கு ஒரு நியாயமான தேவை இருக்கட்டும். அந்தத் தேவைக்காக அவர் நேர்மையாகக் கேள்வி கேட்கட்டும். அவருக்கு நகைச்சுவை வசனம் ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள்.

ஒரு காட்சியை எழுதிப் பார்ப்போம்

எங்கள் அச்சகத்தில் உண்மையாகவே நடந்த ஒரு பிழையை எடுத்துக்கொள்கிறேன். ஒரு குடும்பத்தின் பழைய அழைப்பிதழ்க் கோப்பைத் திறந்து, அதிலேயே புதிய பெயர்களை மாற்றிக்கொண்டிருந்தோம். ‘காலஞ்சென்ற’ என்ற சொல்லோடு இருந்த தாத்தாவின் பெயரை நீக்கியபோது பெயர் மட்டும் போயிற்று. சொல் அங்கேயே நின்று, அடுத்த வரியில் இருந்த தாய்மாமன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ப்ரூஃப் பார்த்தவன் நான்தான். ஐந்நூறு அழைப்பிதழ் அடித்துக் கட்டியாகிவிட்டது. தாய்மாமன் நல்ல உடல்நலத்தோடு, அச்சகப் படியேறி வந்தார்.

முதல் முறை இதை நாடகமாக எழுதியபோது மாமா கத்தினார். அச்சகப் பையன் ஓடி மையில் வழுக்கி விழுந்தான். ஒருவர் மாமாவைப் பேய் என்று நினைத்து மயங்கினார். ஒத்திகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. உண்மையில் அன்று வந்தவர் கத்தவே இல்லை என்பதும், அவர் அமைதியாகப் பேசப்பேசத்தான் எனக்கு வியர்த்தது என்பதும் அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. மறுபடி எழுதியது இது:

மாமா: தம்பி, ஒரு சந்தேகம். எனக்க பேருக்கு முன்னால ஒரு வார்த்த கெடக்கு. அத கொஞ்சம் வாசி, கேப்போம்.

அச்சகர்: காலஞ்சென்ற.

மாமா: எப்பம்?

அச்சகர்: எப்பம்னா, மாமா?

மாமா: எப்பம் சென்றேன்னு கேக்கேன். வீட்டுல ஒருத்தருக்கும் தெரியல்ல.

அச்சகர்: பிழ எங்க பக்கந்தான் மாமா. வேற அடிச்சித் தாறோம்.

மாமா: வேற அடிக்க எத்தன நாளாவும்?

அச்சகர்: ரெண்டு நாளு.

மாமா: அப்பம் ரெண்டு நாளைக்கு நான் செத்தவந்தான். (நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார்.) செரி. இதுல ஒரு கார்டு எனக்குத் தா. குடுத்த கடன கேட்டு ஒருத்தன் வீட்டு நடையில இருக்கான். அவனுக்குக் காட்டணும்.

இந்தக் காட்சியில் கூட்டம் முதலில் சிரிப்பது ‘எப்பம்?’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு. அங்கே நடிகர் இரண்டு நொடி அசையாமல் நிற்க வேண்டும். அச்சகரும் உண்மையிலேயே விளங்காமல் ‘எப்பம்னா?’ என்று கேட்க வேண்டும். அச்சகர் இங்கே ‘ஆமா’ போடுபவர். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: முதலாளிக்குத் தெரியாமல் பிழையைச் சரிசெய்ய வேண்டும். இரண்டாவது சிரிப்பு, பிழையால் கெட்டுப்போக வேண்டியவர் அந்தப் பிழையையே தமக்கு உதவியாக மாற்றிக்கொள்ளும் இடத்தில் வருகிறது. அதோடு நாடகத்துக்கு அடுத்த காட்சியும் கிடைத்துவிட்டது: கடன்காரர் அழைப்பிதழைப் பார்த்துவிட்டு வீட்டில் துக்கம் விசாரிக்கிறார். அச்சகத்தில் தொடங்கியது வீட்டில் வெடிக்கிறது.

உங்கள் காட்சியை எழுதியதும் இதேபோலச் சோதியுங்கள். யாராவது விழுகிறாரா, அலறுகிறாரா, வேடம் மாறுகிறாரா என்று பாருங்கள். இருந்தால் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவர் மிகவும் அமைதியாக ஒரு கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்று எழுதிப் பாருங்கள். பத்தில் எட்டு முறை அமைதியே வெல்லும். ரைனரின் தொடரில் 1965ஆம் ஆண்டு வந்த ஒரு கதையில், தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட லாரா, ஆலன் பிரேடி வைத்திருப்பது பொய்முடி என்று நாடறியச் சொல்லிவிடுகிறாள். மன்னிப்புக் கேட்கப் போகும்போது அவர் மேசையில் தம் பொய்முடிகளை வரிசையாக அடுக்கி வைத்து, வேலை இழந்த பணியாளர்களிடம் பேசுவதுபோல அவற்றோடு பேசிக்கொண்டிருக்கிறார். அந்தக் கதையை எழுதியவர்கள் பில் பெர்ஸ்கி, சாம் டெனாஃப் என்ற இருவர். அதற்காக எம்மி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருதும் பெற்றார்கள். சூடான கோபத்தை எப்படி ஆறவைத்துப் பரிமாறுவது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

பேச்சுவழக்கில் எதை வைப்பது, எதை விடுவது

தொடர் பிற்காலத்திலும் பழையதாகத் தோன்றக் கூடாது என்பதற்காக, அந்தந்த ஆண்டில் வாயில் புரளும் மோஸ்தர்ச் சொற்களை ரைனர் வேண்டுமென்றே தவிர்த்தார். இதைப் படித்துவிட்டு வட்டார வழக்கையும் எடுத்துவிட வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். ‘எனக்க’, ‘இப்பம்’, ‘எப்பம்’, ‘கெடக்கு’ என்பவை விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் நம் பாட்டிமார் பேசியவை. நாம் போன பிறகும் இருக்கும். சென்ற மாதம் வந்த படத்தின் வசனம் அடுத்த மாதம் இருக்காது. முன்னதை வையுங்கள், பின்னதை விடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. தோவாளைக்காரர் பேச்சும் களியக்காவிளைக்காரர் பேச்சும் ஒன்றல்ல. கடற்கரைப் பேச்சு வேறு. எல்லாப் பாத்திரத்துக்கும் ஒரே வழக்கைக் கொடுத்தால் கூட்டம் உடனே கண்டுபிடித்துவிடும். உங்களுக்குத் தெரியாத வழக்கை நீங்களே எழுதாமல், அந்தப் பகுதி நண்பரை உட்காரவைத்து வாய்விட்டுப் பேசச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். ஒருவருடைய வழக்கே சிரிப்புக்குக் காரணமாக இருக்கக் கூடாது. அவர் சொல்லும் செய்தி சிரிப்பாக இருக்கட்டும். உடல் பருமன், நிறம், ஊனம், திக்குவாய், சாதி ஆகியவற்றைத் தொட்டுச் சிரிக்க வைக்கும் பழக்கம் நம் மேடைகளை இன்னும் விட்டபாடில்லை. மனைவியை மட்டம் தட்டினால் சிரிப்பு உறுதி என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ரைனரின் லாரா கணவனுக்குச் சமமான அறிவோடு பேசினாள். வீட்டு வேலையின்போது கவுன் அணியாமல் கால்சட்டை அணிந்தாள். அக்காலத்துத் தொலைக்காட்சியில் அதற்கே முணுமுணுப்பு எழுந்தது. மனைவியாக நடித்த மேரி டைலர் மூர் பெயர்பெற்ற நகைச்சுவை நடிகையானார் என்றால், எழுதியவர் அவருக்குச் சிரிக்க வைக்கும் வசனங்களையும் கொடுத்தார் என்பதும் ஒரு காரணம்.

ஒன்று எழுதாதீர்கள், ஐந்து எழுதுங்கள்

ரைனர் முதல் கதையை எழுதியதும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. ஒரு கோடைக்காலம் முழுவதும் உட்கார்ந்து 13 கதைகளை எழுதி முடித்தார். பிறகு எழுத வருகிறவர்களுக்கும் பாத்திரங்களின் குணம் விளங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. நமக்குப் பதின்மூன்று வேண்டாம். ஒரே பாத்திரங்களை வைத்து ஐந்து சிறு காட்சிகள் எழுதுங்கள். மூன்றாவது காட்சிக்கு வரும்போதுதான் அந்த மாமா எப்படிப் பேசுவார் என்று உங்களுக்கே தெரியும். அதன்பின் முதல் காட்சியைத் திரும்ப எழுதுங்கள். ஐந்தில் மேடைக்குப் போவது இரண்டோ மூன்றோ; மீதி அடுத்த ஆண்டுக்கு ஆகும்.

எழுதியதை மூன்று நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து வாய்விட்டு வாசிக்க வேண்டும். அமெரிக்கத் தொடர்களில் ஒவ்வொரு வாரமும் வேலை இப்படித்தான் தொடங்கும்: நடிகர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து பிரதியை வாசிப்பார்கள், எழுத்தாளர்கள் அடித்துத் திருத்துவார்கள், ஒத்திகையில் மீண்டும் திருத்துவார்கள், கடைசியில் பார்வையாளர்கள் முன்னிலையில் படம் பிடிப்பார்கள். நாங்கள் இரவு எட்டரைக்குமேல் அச்சகத்தின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சாயாவும் ரசவடையும் வாங்கிவைத்து வாசித்தோம். எழுதியவர் வாசிக்கக் கூடாது. அவர் கையில் சிவப்புப் பேனா மட்டும் இருக்கட்டும். சிரித்த இடத்தில் ஒரு புள்ளி, சிரிக்காத இடத்தில் ஒரு கோடு. விளக்கம் சொல்ல வாய் வந்தால் அந்த வசனத்தையே அடித்துவிடுங்கள். பழைய சாமான் எடை போடுகிறவரைப்போல இரக்கமில்லாமல் செய்தால், முப்பத்தைந்து நிமிட நாடகம் இரண்டு இரவில் இருபத்து மூன்றாகும்.

கதாநாயகன் வேடம் உங்களுக்கில்லை

இதைச் சொல்லும்போது விழாக்குழுவில் சிலருக்கு முகம் மாறும். ரைனர் அந்த 13 கதைகளையும் தமக்காகவே எழுதினார். நாயகனாகத் தாமே நடித்து ஒரு முன்னோட்டக் கதையையும் படமாக்கினார். ‘ஹெட் ஆஃப் த ஃபேமிலி’ என்ற பெயரில் 1960ஆம் ஆண்டு அது ஒளிபரப்பானது. தொடராக வாங்க யாரும் வரவில்லை. தம் வாழ்க்கையைத் தாமே எழுதித் தாமே நடித்தும் எடுபடவில்லை என்றால் மனிதனுக்கு எப்படியிருக்கும்? பிரதிகளைப் படித்த தயாரிப்பாளர் ஷெல்டன் லெனார்ட், எழுத்தில் குறையில்லை, நாயகனைத்தான் மாற்ற வேண்டும் என்றார். ரைனர் வருந்தியிருப்பார், ஆனால் ஒப்புக்கொண்டார். டிக் வான் டைக் வந்தார். 1961ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் அவர் பெயரிலேயே தொடர் தொடங்கியது. முதல் ஆண்டு முடிவில் அதை நிறுத்திவிடும் நிலை வந்து, லெனார்ட் விளம்பரதாரர்களிடம் நேரில் போய்ப் பேசிக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்பதும் உண்டு. 1966ஆம் ஆண்டு ஜூன் வரை 158 கதைகள் ஒளிபரப்பாயின. இன்னும் நல்ல பெயர் இருக்கும்போதே நிறுத்திக்கொண்டார்கள். ரைனர் அதன்பின் திரைப்படங்கள் இயக்கினார், புத்தகங்கள் எழுதினார், 2020ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் 98ஆம் வயதில் மறைந்தார்.

நான் என் மூன்றாவது நாடகத்தில் பிழை திருத்துபவனாக நானே நடித்தேன். அது நான்தான் என்பதால் நன்றாகச் செய்வேன் என்று நம்பினேன். என்னைப் பற்றிய உண்மை தெரிந்ததே எனக்குத் தடையாக இருந்தது. நான் அன்று செய்ததுபோலவே மேடையிலும் செய்ய முயன்றேன், அது யாருக்கும் விளங்கவில்லை. அடுத்த விழாவில் அதே வேடத்தை மார்த்தாண்டம் பக்கம் மினி பஸ் ஓட்டுகிற ஒருவரிடம் கொடுத்தோம். அச்சகத்துக்குள் கால் வைத்தறியாதவர். எல்லாவற்றையும் ஆச்சரியமாகப் பார்த்தார். கூட்டமும் அவர் கண்ணால் பார்த்தது. நீங்கள் எழுதியதில் உங்களுக்கு வேடம் வேண்டுமென்றால், ரைனரைப்போல முகம் தெரியாத முதலாளியின் குரலாக மறைவில் நின்றுகொள்ளுங்கள். பிரதி கையில் இருப்பதால் மேடையில் யாராவது வசனம் மறந்தால் தொலைபேசி மணியடித்து எடுத்துக்கொடுக்கவும் வசதியாக இருக்கும்.

விழா நாளில் கவனிக்க வேண்டியவை

கானமேளாக்காரர்கள் வந்து ஒலிபெருக்கியைச் சோதிக்கத் தொடங்கிவிட்டால் நாடகம் முடிந்த கதைதான். ஆகவே அவர்களுக்கு முன்னால் குறைந்தது ஒன்றரை மணி நேரம் இடைவெளி இருக்கும்படி விழாக்குழுவிடம் பேசி நோட்டீசிலேயே நேரத்தை அடித்துவிடுங்கள். நம் மாவட்டத்துக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. பந்தல் தகரமென்றால் மழைச் சத்தத்தில் அமைதியான வசனம் எதுவும் எடுபடாது. அப்படிப்பட்ட நாளுக்கென்று உரக்கப் பேசும் காட்சியொன்றை மாற்றாக வைத்திருப்பது நல்லது. சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வசனத்தைத் தொடங்கக் கூடாது என்பதை நடிகர்களிடம் கடைசி நேரம்வரை சொல்லிக்கொண்டே இருங்கள்.

ஒலிபெருக்கிக்காரர் பெரும்பாலும் இரண்டு மைக்தான் தருவார். சிரிக்க வைப்பவருக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதை அறிவிப்பாளருக்கு என்று எடுத்து வைப்பார். அதை வாங்கி ‘ஆமா’ போடுபவர் முன்னால் வையுங்கள். அவர் குரல் மெல்லியதாக இருந்தால், நல்ல மைக்கை அவருக்கே கொடுங்கள். மாமா எப்படியும் பேசிக்கொள்வார்.